கார்ட்டிங்கில் இருந்து 499பி வரை: ஷ்வார்ட்ஸ்மான் போன பாதை ஒரு விதியா, விலக்கா?

வளைவு13 கேட்டது:

2024 செப்டம்பர் 1, ஆஸ்டின் 6 மணி நேரப் பந்தயம். மஞ்சள் நிற 83-ஆம் எண் ஃபெராரி 499பி (நீண்ட நேரப் பந்தயங்களின் உச்ச வகுப்பான ஹைப்பர்கார்) ஜெயித்தது. ஓட்டியவர்கள் குபிட்சா, யே யிஃபே, ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மான். அதே ஷ்வார்ட்ஸ்மான் 2025 மே மாதம் அமெரிக்காவின் இண்டி 500 பந்தயத்தில் அறிமுக ஓட்டுநராகவே போல் (தொடக்க வரிசையில் முதல் இடம்) எடுத்தார். 1983-ல் தியோ ஃபாபிக்குப் பிறகு அறிமுக ஓட்டுநர் யாரும் அதைச் செய்ததில்லை.

எஃப்3 சாம்பியன், எஃப்2-வில் இரண்டாம் இடம், ஃபெராரியின் இளம் ஓட்டுநர் அகாடமி. இவ்வளவு இருந்தும் எஃப்1 இருக்கை கிடைக்கவில்லை, ஆனால் ஹைப்பர்கார் கிடைத்தது. இசாக்யான், ஒருஜெவ் போன்ற மற்ற ரஷ்யப் பையன்களும் சின்ன வயதிலேயே எண்டூரன்ஸ் (நீண்ட நேரப் பந்தயம்) பக்கம் திரும்பினார்கள். என் கேள்விகள்:

ரஷ்யாவில் கார்ட் ஓட்டத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஏன் இத்தாலியில் போய் நிற்கிறார்கள்? எஃப்4-ல் இருந்து எஃப்1 வரை போகும் ஃபார்முலா ஏணியில் எந்தப் படியில் எண்டூரன்ஸ் பக்கம் திரும்புவது சரி? ஓட்டும் விதத்தில் உண்மையில் என்ன மாறுகிறது? கடைசியாக, இன்று 13 வயதில் ஓகே-ஜூனியர் கார்ட் ஓட்டும் ஒரு ரஷ்யப் பையன் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைக் குறிவைத்தால் எந்த வழியில் போவான்?

"திறமை இருந்தா மேல வரலாம்" மாதிரிப் பதில் வேண்டாம், விவரம் வேண்டும்.

---

ரெண்டுஸ்ட்ரோக்:

முதல் கேள்விக்கு என் பங்கு.

காரணம் குளிர்தான். பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ பக்கம் ஸ்லிக் டயர் வேலை செய்கிற அளவுக்குத் தார் சூடாக இருப்பது வருஷத்தில் சில மாதங்கள் மட்டும். இத்தாலியிலோ டபிள்யூஎஸ்கே கார்ட் பந்தயங்கள் குளிர்காலம் முடியும் முன்னாடியே தொடங்கிவிடும். லோனாட்டோவில் சவுத் கார்டா, நேப்பிள்ஸ் பக்கம் சார்னோ, தெற்குக் கோடியில் லா கொங்கா. டோனி கார்ட் தொழிற்சாலை பிரெஷா பக்கம், சிஆர்ஜி கார்டா ஏரிப் பக்கம், ஐயாமே இன்ஜின் பெர்கமோ பக்கம். சேஸி ஒடிந்தால் மறுநாள் புதுசு வரும். இன்ஜின் ட்யூனர் டென்ட்டிலேயே நிற்பார். அதனால் ஊரில் பத்து வயது வரை ஓட்டிவிட்டு, குடும்பத்தில் ஒருவரோடு பையன் இத்தாலிக்குக் குடிபெயர்வது வழக்கமாகிவிட்டது. ஷ்வார்ட்ஸ்மான் டெல் அவிவில் பிறந்து பீட்டர்ஸ்பர்கில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே இத்தாலிக்குப் போனார். எஃப்1 ஓட்டிய க்வியாத் உஃபாவில் பிறந்தவர், அவரும் போன இடம் இத்தாலிதான்.

வகுப்புகள்: முதலில் 60 சிசி மினி. 12 முதல் 14 வயது வரை ஓகே-ஜூனியர், அதற்கு மேல் ஓகே. இரண்டும் 125 சிசி டூ-ஸ்ட்ரோக், கியர் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது, தள்ளித்தான் கிளப்பணும். ஜூனியருக்கு 14,000 ஆர்பிஎம் வரம்பு, ஓகேவுக்கு 16,000. ஷ்வார்ட்ஸ்மான் காலத்தில் கேஎஃப்-ஜூனியர் என்று இருந்தது. அதில் செல்ஃப் ஸ்டார்ட்டும் கிளட்ச்சும் உண்டு, எடை கூடுதல், தொந்தரவும் கூடுதல். 2016-ல் அதை எடுத்துவிட்டு ஓகே கொண்டுவந்தார்கள்.

இப்ப முக்கியமான விஷயம். கார்ட்டில் பின் ஆக்சில் ஒரே கம்பி, டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். தூக்குவது ஸ்டீயரிங் கேஸ்டரும் (முன்சக்கர அச்சின் சாய்வு) சேஸியின் முறுக்கமும். ரப்பர் படிந்து கிரிப் ஏறிவிட்டால் சக்கரம் ரொம்ப நேரம் மேலேயே நிற்கும், இல்லை சரியாக இறங்காமல் வெளிச்சக்கரத்தில் துள்ளும். இன்ஜின் வளைவு நடுவில் திணறும். அப்போது சீட்டை ஒரு 5 மிமீ இறக்குவார்கள், பின் ஹப்பை வெளியே தள்ளுவார்கள், டயர் காற்றைக் குறைப்பார்கள். சாஃப்ட் டயருக்குக் குளிரில் 0.6 பார் பக்கம் வைத்தால் 0.05 மாற்றமே பையன் முதுகுக்குத் தெரியும். தெரியணும். தெரியாதவன் எஃப்4-க்குப் போனாலும் இன்ஜினியரிடம் "கார் நல்லா இல்ல" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டான்.

யாரும் பேசாத இன்னொன்று ரேடியேட்டர் திரை, அதற்குப் போகும் காற்றை மறைப்பது. ஓகே இன்ஜினுக்குத் தண்ணீர் 50-55 டிகிரியில் இருந்தால் சக்தி சரியாக வரும். பந்தயம் நடுவே, முன்னாலும் பின்னாலும் வண்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, நேர்ச்சாலையில் ஒரு கையால் திரையை இழுத்துச் சரி செய்யணும். 12 வயதில் இதைச் செய்கிறவனுக்குப் பிற்பாடு ராத்திரி 3 மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் டிராக்ஷன் மேப் (சக்கரம் வழுக்காமல் பார்க்கும் அமைப்பு) மாற்றுவது பெரிய விஷயமே இல்லை.

தவறு எங்கே நடக்கும்? கார்ட்டிலேயே ரொம்ப நாள் உட்காருவது. ஓகேவில் ரெண்டு சீசன் ஓட்டியும் ஐரோப்பிய ஃபைனலுக்குள் வராதவன் மூன்றாவது சீசனுக்குச் செலவழிக்கும் காசை எஃப்4 டெஸ்ட்டுக்குப் போட்டிருக்கலாம். ஆறு கியர் கேஇஸட் கார்ட் ஓட்டினால் கார் பழகும் என்பார்கள். கை வலுப்படும், முன் பிரேக் பழகும், அவ்வளவுதான். ஏரோ (காற்றால் கிடைக்கும் பிடி) அதில் கிடையாது.

---

புள்ளிப்பட்டியல்:

ஏணிக் கணக்கை நான் சொல்கிறேன்.

ஷ்வார்ட்ஸ்மான் 2014-ல் இத்தாலிய எஃப்4-ல் கால் வைத்தார். 2015-ல் மூக்கே டீமோடு இத்தாலி, ஜெர்மனி இரண்டு நாட்டு எஃப்4. அப்போதைய டாட்டூஸ் காரில் 1.4 லிட்டர் அபார்த் டர்போ, சுமார் 160 குதிரைத்திறன். 2016, 2017 ஃபார்முலா ரெனோ 2.0, இரண்டாம் வருஷம் ஆர்-ஏஸ் ஜிபியில் யூரோகப் மூன்றாம் இடம். அதன்பின் ஃபெராரி அகாடமி. 2018 தொடக்கத்தில் நியூசிலாந்தில் டொயோட்டா ரேசிங் சீரிஸ் பட்டம், அந்த வருஷமே பிரேமா டீமில் ஐரோப்பிய எஃப்3 மூன்றாம் இடம். 2019-ல் உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ புதிதாகத் தொடங்கிய எஃப்3-ன் முதல் சாம்பியன். பட்டம் உறுதியானது சோச்சியில். முதல் மூன்று இடங்களும் பிரேமாவுக்கே: ஷ்வார்ட்ஸ்மான், மார்கஸ் ஆம்ஸ்ட்ராங், நம்ம ஜெஹான் தருவாலா.

2020 எஃப்2 தான் கவனிக்க வேண்டிய வருஷம். நான்கு பந்தயம் ஜெயித்தார், தரவரிசையில் நான்காவது. அதே டீமில் மிக் ஷூமாகர் இரண்டே வெற்றியோடு சாம்பியன். அந்த வருஷம்தான் எஃப்2-வுக்கு 18 அங்குல பைரெல்லி வந்தது. மேல்தோல் சூடேறிவிட்டால் திரும்பி வராத டயர். ஒரு சுற்று வேகத்தைவிட, பத்தாவது சுற்றில் டயரை எந்த நிலையில் வைத்திருக்கிறாய் என்பதே புள்ளியைத் தீர்மானித்தது. ஜெயிக்கிற நாளில் ஜெயித்தார். ஜெயிக்காத நாட்களில் புள்ளி சேரவில்லை. மிக் அந்த நாட்களில்தான் மேடை ஏறினார்.

2021-ல் பியாஸ்ட்ரிக்கு அடுத்து இரண்டாவது. எஃப்2-வில் முதல் மூன்று இடம் எதுவானாலும் எஃப்1 ஓட்ட வேண்டிய சூப்பர் லைசென்ஸுக்குத் தேவையான 40 புள்ளி வந்துவிடும். ஆகத் தகுதி இருந்தது, இருக்கைதான் இல்லை. 2021-ல் ஹாஸ் இரு இருக்கையும் மிக்குக்கும் மாஸெபினுக்கும் போனது. 2022-ல் ஆல்ஃபா ரோமியோ பொட்டாஸையும் ஜோவையும் எடுத்தது. ஹாஸில் மார்ச்சில் இடம் காலியானபோது மேக்னுசனைக் கூப்பிட்டார்கள். ஃபெராரி இன்ஜின் வாங்கும் டீம் இரண்டே இரண்டு, அந்த இரண்டும் அடைபட்டுவிட்டது. எஃப்2-வில் மூன்றாவது வருஷம் ஓட்டுவதில் அர்த்தம் இல்லை. டீமுக்கு ஒரு சீசனுக்கு 20 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்கணும், புதிதாக நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

2022-ல் ஃபெராரி டெஸ்ட் டிரைவர், ஆஸ்டினிலும் அபுதாபியிலும் வெள்ளிக்கிழமைப் பயிற்சி. 2023-ல் ஏஎஃப் கோர்சேயின் 296 ஜிடி3-ல் (சாலைக் காரை மாற்றிச் செய்த பந்தயக் கார்) ஜிடி வேர்ல்ட் சேலஞ்ச் எண்டூரன்ஸ். 2024-ல் 499பி. ஜிடி3-யில் உட்கார வைத்து, பிட் ஸ்டாப், இரவு, டிராஃபிக் எல்லாம் பழக்கிவிட்டுத்தான் ஹைப்பர்காருக்குள் ஏற்றினார்கள். தொழிற்சாலை அகாடமியில் இருப்பதன் உண்மையான பலன் அதுதான், எஃப்1 வாய்ப்பு அல்ல.

---

கடைசிவரிசை:

எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும், எஃப்1 கிடைக்காதவனுக்குக் கிடைக்கும் ஆறுதல் பரிசு இது. க்வியாத்தையே பாருங்க. ரெட் புல்லில் ரெண்டு தடவை, டோரோ ரோஸோவில் ஒரு தடவைன்னு மூணு முறை எஃப்1 மேடை ஏறினவர். 2023-ல் எல்எம்பி2-வில் (ஹைப்பர்காருக்கு அடுத்த வகுப்பு) இருந்தார், 2024-ல் லம்போர்கினியின் ஹைப்பர்கார் எஸ்சி63-ல் லெ மான் பத்தாவது இடம். யாராவது அதை முன்னேற்றம்னு சொல்வாங்களா?

---

இரவுஸ்டின்ட்:

கடைசிவரிசை அண்ணே, எஃப்2-வில் டிரைவர் டீமுக்குப் பணம் கொடுக்கிறான். ஹைப்பர்காரில் தொழிற்சாலை டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. எது ஆறுதல் பரிசு?

இரண்டாம் கேள்விக்கு வருவோம். எந்தப் படியில் திரும்புவது என்பதை வேகம் தீர்மானிப்பதைவிட எஃப்ஐஏவின் டிரைவர் தரப்பிரிவுதான் அதிகம் தீர்மானிக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம். வயது முதிர்ந்தபின் பந்தயத்துக்கு வந்த அமெச்சூர்கள் பெரும்பாலும் வெண்கலம். பெரிய பட்டம் எதுவும் இல்லாத இளைஞன் வெள்ளி. எஃப்3 அளவில் பட்டம் வென்றால் தங்கம். சூப்பர் லைசென்ஸ் வாங்கிவிட்டால் பிளாட்டினம்.

இது ஏன் முக்கியம்? லெ மான் எல்எம்பி2 காரில் ஒருவராவது வெள்ளியோ வெண்கலமோ இருக்கணும். உலக எண்டூரன்ஸ் தொடரின் ஜிடி கார் வகுப்பான எல்எம்ஜிடி3-யில் ஒரு வெண்கலமும் ஒரு வெள்ளியும் கட்டாயம். எல்எம்பி2-வுக்குக் கீழ்ப்படியான எல்எம்பி3-யின் ஐரோப்பியத் தொடரில் ஒரு வெண்கலம் கட்டாயம். ஹைப்பர்காரில் வெண்கலத்துக்கு இடமே இல்லை. ஆகவே, தங்கம் மாதிரி ஓட்டுகிற ஒரு 19 வயது வெள்ளிக்குச் சந்தையில் பயங்கர மதிப்பு. டீம் மேனேஜர் தேடி வருவார். அதே பையன் ஒரு பட்டம் வென்று தங்கமானதும், முழுநேரத் தொழிற்சாலை டிரைவர்களோடு ஒரே இருக்கைக்கு மோதணும். பட்டியல் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். தரம் ஏறுகிற வருஷத்தில் கையில் ஒப்பந்தம் இல்லாதவன் வீட்டில் உட்காருவான். எஃப்3 பட்டம் வாங்கிவிட்டுத் திரும்பினால் ஷ்வார்ட்ஸ்மான் மாதிரி நேரே தொழிற்சாலைக்குள் போகணும். அதற்கு முன்பே திரும்பினால் வெள்ளி என்ற துருப்புச்சீட்டு கையில் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

இசாக்யான், ஒருஜெவ் கதை வேறு. 2013-ல் போரிஸ் ரோட்டன்பெர்க் தொடங்கிய எஸ்எம்பி ரேசிங் ஒரு முழு ஏணியையே கட்டியது: கார்ட், எஸ்எம்பி எஃப்4, ஃபார்முலா சீட்டுகளுக்குப் பணம், மேலே சொந்த எல்எம்பி1 (ஹைப்பர்காருக்கு முந்தைய உச்ச வகுப்பு) கார். ஷ்வார்ட்ஸ்மானும் எஃப்2 வரை அவர்கள் ஆதரவில்தான் ஓட்டினார். இசாக்யான் 2017-ல் ஃபார்முலா வி8 3.5 தொடரில் பியெத்ரோ ஃபிட்டிபால்டிக்கு அடுத்து இரண்டாவது. 2018-ல் பிஆர்1 எல்எம்பி1-ல். டல்லாராவோடு சேர்ந்து செய்த கார், 2.4 லிட்டர் ஏஇஆர் ட்வின் டர்போ வி6. மே மாதம் ஸ்பாவில், ரேடில்லோன் மேட்டில் கார் பின்பக்கம் திரும்பிக் காற்றில் எழும்பி தடுப்பில் மோதியது. அவர் இறங்கி நடந்து வந்தார். அதற்கடுத்த மாதம் லெ மானில் அதே 17-ஆம் எண் காரோடு போர்ஷே வளைவுகளில் மோதினார். 2019 லெ மானில் இரவில், அதே போர்ஷே வளைவுகளில், அதே 17-ஆம் எண் காரை ஒருஜெவ் மோதினார். ஆனால் 11-ஆம் எண் கார், அலேஷின், பெத்ரோவ், வாண்டோர்ன் மூவரும் ஓட்டியது, 379 சுற்றுகளோடு மூன்றாம் இடம் வந்தது. முன்னால் இரண்டு டொயோட்டா மட்டும். அந்தப் பந்தயத்துக்குப் பிறகு எஸ்எம்பி உலகத் தொடரை விட்டு விலகிவிட்டது.

துரதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. போர்ஷே வளைவுகளில் ஓடித்தப்ப இடமில்லை, பக்கத்திலேயே சுவர். பகலில் ரப்பர் படிந்த கோடு ஒன்றுதான் இருக்கும். அதற்கு வெளியே டயர்த் துகள். ஒரு ஜிடி காரைத் தாண்டப் பாதி கார் அகலம் விலகினால் துகள் டயரில் ஒட்டும், அடுத்த வளைவில் முன்பக்கம் வழுக்கும். ஃபார்முலா பையன் இதில் விழுவதற்குக் காரணம் அவன் பழக்கம்: முன்னால் மெதுவாகப் போகிற கார் இருந்தால் உடனே தாண்டணும், இல்லையென்றால் பின்னால் வருகிறவன் தாண்டிவிடுவான். எண்டூரன்ஸில் அந்த வளைவுத் தொடர் முழுக்க ஜிடிக்குப் பின்னால் காத்திருந்தால் நாலைந்து விநாடி போகும். 24 மணி நேரத்தில் அது ஒன்றுமே இல்லை. மூக்குப்பகுதி மாற்றினாலே அதைவிடப் பல மடங்கு போகும்.

தாண்டும் பொறுப்பு வேகமான காருடையது. நீலக்கொடி ஜிடிகாரருக்கு ஒரு தகவல், "நீ ஒதுங்கு" என்ற கட்டளை இல்லை. பிரேக் புள்ளிக்கு முன்பே அவன் கண்ணாடியில் பக்கவாட்டில் தெரிந்தால் போ; அவன் ஸ்டீயரிங் திருப்பிய பிறகு உள்ளே நுழையாதே. அனுபவசாலிக்கும் இது சறுக்கும். 2024 லெ மானில் குபிட்சா ஒரு எம்-ஹைப்ரிட் பிஎம்டபிள்யூவைச் சுற்று தாண்டும்போது முட்டி, அது தடுப்பில் மோதி நின்றது. 83-க்கு 30 விநாடித் தண்டனை. பிறகு அந்தக் கார் பந்தயத்தை முடிக்கவும் இல்லை.

பிரேக் அடுத்த பாடம். எஃப்4-ல் இரும்பு டிஸ்க், எப்போது மிதித்தாலும் கடிக்கும். எல்எம்பி2-விலும் ஹைப்பர்காரிலும் கார்பன். சுமார் 300 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெடல் கல் மாதிரி இருக்கும், கார் நிற்காது. லெ மானில் ஒரு பகுதியை மெதுமண்டலம் ஆக்கினால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகணும், அதற்குள் டிஸ்க் ஆறிவிடும். பச்சைக்கொடிக்குப் பிறகு வரும் முதல் வளைவில் நேரே போய் மணலில் உட்காரும் கார்களில் பாதி இதனால்தான். மண்டலம் முடிவதற்கு முன்பே இடது காலால் பிரேக்கை லேசாக இழுத்துக்கொண்டே வலது காலால் ஆக்சிலரேட்டர் பிடித்துச் சூடாக்கணும். கார்ட்டில் இருந்து வந்தவனுக்கு இரண்டு கால் பழக்கம் ரத்தத்திலேயே இருக்கும், இது சுலபம்.

ஜிடி3-யில் நேர்மாறு. 1,300 கிலோ பக்கம் எடை, ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல். ஃபார்முலாவில் முதலில் பலமாக மிதித்து, டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைக் கீழே அழுத்தும் விசை) குறையக் குறையப் பாதத்தை விடுவிப்பார்கள். அதே மாதிரி ஜிடி3-யில் செய்தால் ஏபிஎஸ் தரும் பிடியில் பாதி வீணாகும். பலமாக மிதித்து, அழுத்தத்தை இன்னும் கொஞ்ச தூரம் வைத்திருந்து, வளைவுக்குள் நிதானமாக விடணும். முதல் டெஸ்ட்டில் ஃபார்முலா பையன்கள் நேரம் இழக்கும் இடம் இது.

---

வளைவு13:

இரவுஸ்டின்ட், இதைத்தான் எதிர்பார்த்தேன். டிரைவர் மாற்றம் பற்றி யாராவது சொல்லுங்களேன். கார்ட்டிலும் ஃபார்முலாவிலும் அது இல்லவே இல்லையே. 2022-க்குப் பின் கொடி விவகாரமும் புரியவில்லை.

---

பிட்சுவர்:

டிரைவர் மாற்றம்: வரிசை இதுதான். வருகிறவர் பிட் பாதை வேகக்கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டியதும் தண்ணீர்க் குழாயையும் ஹெல்மெட்டுக்குக் குளிர்காற்று வரும் குழாயையும் கழற்றத் தயாராவார். பெல்ட்டைக் கார் நிற்கும்வரை அவிழ்க்கக் கூடாது. நின்றதும் ரேடியோ பிளக், பெல்ட் பொத்தான், ஸ்டீயரிங், கதவு. எழும்போதே தன் சீட் உள்ளுறையைக் கையோடு இழுத்து வெளியே எறிவார். அடுத்தவர் தன் உள்ளுறையைப் போட்டு உட்கார, இறங்கியவரே குனிந்து தோள் பெல்ட்டுகளை எடுத்துக் கொடுத்து ரேடியோவைச் செருகி, கதவைச் சாத்துவார்.

எங்கே கெடும்? அதிகம் கெடுவது தொடைப் பட்டைகள். உள்ளுறையைத் திணிக்கும்போது பட்டை அதற்கடியில் போய்விட்டால் மறுபடி எழுந்து உட்காரணும், 15 விநாடி காலி. அதனால்தான் பட்டைகளை வெல்க்ரோவால் பக்கச் சுவரில் ஒட்டிவைப்பார்கள், இல்லை எலாஸ்டிக் கயிறால் இழுத்துக் கட்டுவார்கள். இரண்டாவது, இறங்கியவர் தோள் பெல்ட்டை இறுக்க மறப்பது. போகிறவர் நேர்ச்சாலையில் தானே இறுக்க வேண்டிவரும். ஒரு கையால் முடியும், ஆனால் அந்தச் சுற்று கெடும். மூன்றாவது, குடிநீர்க் குழாய் பட்டைக்கு அடியில் சிக்குவது. இது அற்பமாகத் தோன்றும். மூடிய காக்பிட்டில் மூன்று ஸ்டின்ட் (இரண்டு பிட் நிறுத்தங்களுக்கு நடுவே ஓட்டும் பகுதி) தொடர்ந்து ஓட்டுகிறவருக்குத் தண்ணீர் இல்லையென்றால் மூன்றாவதில் கவனம் சிதறுவது டேட்டாவிலேயே தெரியும்: பிரேக் புள்ளி சுற்றுக்குச் சுற்று மாறும்.

உள்ளுறை பற்றி ஒரு வார்த்தை. பையில் இரண்டு ரசாயனத்தை ஊற்றி, அது நுரைத்துப் பொங்கும்போது டிரைவரை அதன்மேல் உட்கார வைத்து வார்ப்பார்கள். குட்டையானவர் முதலில் வார்த்துவிட்டால், உயரமானவர் தலை கூரையில் முட்டும். அதனால் மிக உயரமானவரை முதலில் வார்த்து, அந்த அடித்தளத்தின் மேல் மற்றவர்களுக்கு. ஜிடி3-யில் சீட் அசையாது, பெடல் தொகுதியும் ஸ்டீயரிங்கும்தான் முன்பின் நகரும்.

ஃபார்முலாவில் இருந்து வருகிறவருக்கு இதைவிடக் கஷ்டமானது செட்டப். தனக்கு வேகமாக இருக்கிற, பின்பக்கம் துள்ளலான கார் கூட்டாளிக்கு ஓட்ட முடியாததாக இருக்கும். மூவரின் சராசரி சுற்று நேரம்தான் கணக்கு. தன் நேரத்தில் பத்தில் இரண்டு பங்கு விநாடி விட்டுக்கொடுத்து, வெண்கலக்காரருக்கு முழு ஒரு விநாடி வாங்கித் தருகிற பையனை டீம்கள் திரும்பக் கூப்பிடும்.

---

புள்ளிப்பட்டியல்:

கொடி விவகாரம். 2022 மார்ச் 1 அன்று எஃப்ஐஏ முடிவெடுத்தது: ரஷ்ய ஓட்டுநர்கள் நடுநிலையாக ஓட்டலாம், கொடி, தேசிய நிறம், சின்னம், கீதம் எதுவும் கூடாது. ஹெல்மெட் வர்ணம் வரை இது பொருந்தும். ஒப்புக்கொண்டு ஒரு ஆவணத்தில் கையெழுத்துப் போடணும். ரோமன் ருசினோவ் கையெழுத்திட மறுத்தார், 2015-ல் உலக எல்எம்பி2 பட்டமும் பின்னர் ஐரோப்பியப் பட்டங்களும் வென்ற ஜி-டிரைவ் அத்தோடு விலகியது. பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போய் ரஷ்ய லைசென்ஸையே தன் மண்ணில் ஏற்கவில்லை. ஷ்வார்ட்ஸ்மான் இஸ்ரேல் குடியுரிமையும் உள்ளவர், அந்த லைசென்ஸுக்கு மாறினார். கேள்வியில் நீங்கள் அவரை ரஷ்யர் என்றது பாதிதான் சரி. வளர்ந்ததும் பணம் வந்ததும் அங்கே, முடிவு அட்டவணையில் கொடி வேறு. மற்றபடி நடைமுறைத் தடை கொடி அல்ல, வங்கி. டீமுக்கு ஐரோப்பியக் கணக்கில் பணம் போகணும், தடைப்பட்டியலில் உள்ள ஸ்பான்சர் பெயர் காரில் இருந்தால் டீமே சிக்கும். விசா அதற்கடுத்த தலைவலி.

இன்றைய 13 வயதுப் பையனுக்கு என் கணக்கு: ஓகேவில் 15 வரை. எஃப்4 குறைந்தபட்ச வயது 15. ஒரு சீசன், முடிந்தால் ஒன்றரை. ஏரோவும் ஸ்லிப்ஸ்ட்ரீமும் (முன்கார் கிழிக்கும் காற்றில் ஒட்டிப் போவது) பழக அது போதும். எஃப்3-க்குப் போகிற பணத்தை விட்டுவிட்டு எல்எம்பி3. வெண்கலக் கூட்டாளி அங்கே கட்டாயம் என்பதால் பட்ஜெட்டில் பெரும்பகுதியை அந்தக் கனவான் சுமப்பார். நல்ல வெள்ளிக்கு அவரே பங்குபோட்டு இடம் கொடுப்பார். குளிர்காலத்தில் ஆசிய லெ மான் தொடர்: 4 மணி நேரப் பந்தயங்கள், வளைகுடாவில் பல சுற்றுகள், ரஷ்யக் கடவுச்சீட்டுக்கு விசா சுலபம். எல்எம்பி2, ஜிடி சாம்பியன்களுக்கு லெ மான் அழைப்பும் உண்டு. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜாஷ் பியர்சன் 2022-ல் 16 வயதில் லெ மான் ஓட்டியிருக்கிறார், எல்எம்பி2-வில்.

---

கடைசிவரிசை:

சரி, சம்பள விஷயத்தில் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. 2024 முடிஞ்சதும் ஷ்வார்ட்ஸ்மான் 83-ஐ விட்டுட்டு இண்டிகாருக்குப் போனார். அவர் இடத்துக்கு ஃபில் ஹான்சன் வந்தார். 2025 லெ மானை ஜெயிச்சது அதே 83. இண்டி 500-ல் போல் எடுத்தவர் பிட்டில் பிரேக் பிடிக்காம சொந்த ஆட்கள் மேலயே மோதி வெளியேறினார். பாதைன்னு நீங்க வரைஞ்சதெல்லாம் சரி, நேரம்னு ஒண்ணு இருக்கே.

---

இரவுஸ்டின்ட்:

அது உண்மை, மறுக்கவில்லை.

வளைவு13-க்கு ஒரு மிச்சம். லெ மானுக்கு முதல்முறை போகிறவர் முதலில் லெ மானை நடத்தும் ஏசிஓ ஏற்கும் சிமுலேட்டரில் பயிற்சி முடிக்கணும்: மெதுமண்டலம், பிட் நுழைவு, இரவு. பந்தயத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடக்கும் டெஸ்ட் நாளில் 10 சுற்று கணக்கில் வரணும். 13.626 கிலோமீட்டர் சுற்று, எல்எம்பி2-வில் மூன்றரை நிமிஷத்துக்கு மேல். பத்து சுற்று என்பது முக்கால் மணி கூட இல்லை, ஆனால் சிவப்புக்கொடி விழுந்தால் அரை மணி நேரம் போய்விடும், பிட்டுக்குள் வந்துபோகும் சுற்றுகளும் வீண். அதனால் அறிவுள்ள டீம் காலையில் முதல் ஆளாகப் புது டிரைவரை அனுப்பி, பழைய டயரில், செட்டப் எதையும் தொடாமல் பத்தையும் முடித்துவிடும். பிரேக் பேட் தேய்வு, டேம்பர் வேலை எல்லாம் அதற்குப் பிறகு.